ரோபோ கிட் வாங்கப் போகும் வேலூர்ப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பொருள் வாங்கும் குழுவினருக்கும் வணக்கம்.

காட்பாடிப் பக்கப் பள்ளிகளில் மாணவர்களை ரோபோ போட்டிகளுக்குத் தயார் செய்யும் தன்னார்வலன் நான். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் கொடுப்பது உங்கள் வழக்கம். தணிக்கைக்கும் அதுதான் வசதி. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் கொட்டேஷன் கேட்கும் கடிதத்தில் வெறுமனே "ரோபோட்டிக்ஸ் கிட், 120 பாகங்கள்" என்று எழுதாதீர்கள். திருகாணியையும் ஜம்பர் ஒயரையும் எண்ணியே 120 கணக்குக் காட்டிவிடுவார்கள்.

ஏமாற்று வேலை அதிகம் நடப்பது பேட்டரியில். ரோபோவுக்குப் போடும் 18650 என்ற அளவு லித்தியம் செல்லின் மேல், கொள்ளளவு 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டு விற்கிறார்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் செல்களே பொதுவாக 2,000 முதல் 3,500 வரைதான். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். நல்ல செல் 45 கிராமைச் சுற்றி இருக்கும். 30 கிராமில் நின்றால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

சக்கரத்தைச் சுழற்ற கிட்டில் வரும் மஞ்சள் நிற பிஓ மோட்டாரைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. மலிவு, வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தாராளமாகப் போதும். ஆனால் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் கியர். ரோபோ சுமோ மாதிரி முட்டித் தள்ளும் போட்டியில் பல் தேய்ந்துவிடும். அங்கே மெட்டல் கியர் கேளுங்கள். எந்த மோட்டாராக இருந்தாலும் ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து, ஒரே பேட்டரியில் ஓட்டி, சக்கரத்தில் டேப் ஒட்டி, கைபேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் ரோபோ நேராகப் போகாது. பிள்ளைகளோ புரோகிராமில் தப்பு தேடி மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது மோட்டார் டிரைவர். கிட்களில் இன்னமும் எல்298என் என்ற டிரைவர்தான் அதிகம் வருகிறது. பழைய வகை டிரான்சிஸ்டர் சிப் அது. ஒரு ஆம்பியர் ஓடும்போதே ஏறக்குறைய 2 வோல்ட்டை வெப்பமாக வீணடிக்கும். இரண்டு செல் போட்டு 7.4 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது ஐந்தரைதான். மாஸ்ஃபெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர் கொண்ட டிபி6612 டிரைவரில் இழப்பு மிகக் குறைவு. அதுவும் தொடர்ந்து 1.2 ஆம்பியர்தான் தாங்கும், ஆகவே பெரிய மோட்டாருக்கு ஆகாது.

காசை மிச்சம் பிடிக்க நல்ல இடம், ரோபோவுக்கு மூளையான கன்ட்ரோலர் போர்டு. அர்டுயினோ ஊனோ என்ற போர்டின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது. அதைப் பார்த்துச் செய்த மலிவு போர்டே பள்ளிக்குப் போதும். பலவற்றில் கணினியோடு யுஎஸ்பியில் இணைக்க சிஎச்340 சிப் இருக்கும். பழைய கணினியில் அதற்கு டிரைவர் மென்பொருள் நிறுவ வேண்டும், அவ்வளவுதான்.

உதிரி பாகம் கிடைக்குமா என்று கொட்டேஷனிலேயே கேளுங்கள். லெகோ போன்ற பெரிய நிறுவனமே மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் வரிசையை 2022 இறுதியோடு நிறுத்திவிட்டது. தனக்கென்று தனி பிளக், தனி திருகு வைத்திருக்கும் கிட் என்றால் ஒரு பாகம் போனாலும் பெட்டியே முடங்கும். பொது அளவில் உள்ள பாகம் என்றால் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைகளுக்குப் போய் வாங்கிவிடலாம். சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் வரும் இணைப்பை உள்ளூர் லேத் பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம்.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம் கிடைத்த பள்ளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மானியமான 20 லட்சம் ரூபாயில் கருவிகளுக்கு என்று இருப்பது 10 லட்சம். அது மொத்தத்தையும் முதல் ஆண்டே ஒரே விற்பனையாளரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்பது இதுதான்: முதலில் ஒரே ஒரு செட் வாங்குங்கள். ஒரு வாரம் சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகு மீதிக்கு ஆர்டர் போடலாம். செல்லின் உண்மைக் கொள்ளளவு, கியர் எந்த உலோகம், மாற்று மோட்டார் எத்தனை என்பதெல்லாம் ஆர்டரிலேயே எழுத்தில் இருக்கட்டும். சோதிக்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஒரு சனிக்கிழமை மல்டிமீட்டரும் தராசும் எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம். எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரை மட்டும் கூட உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு தன்னார்வலன்