அந்தப் பாடம் திரும்பி வரட்டும், அந்த ஒரு வரி வேண்டாம்

என்சிஇஆர்டி பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம் வெறும் ‘மரபு’ ஆகிப்போனதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய கதைதான். 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பரிணாமத்தைத் திரும்பச் சேருங்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கேட்டதை நான் மறுபடி கேட்கப் போவதில்லை. கொரோனா காலத்துச் சுமை குறைப்பு, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் அது இருக்கிறதே என்ற உங்கள் பதிலும் தெரியும். அடுத்த வருடம் காமர்ஸ் எடுக்கப் போகிற என் மகளுக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2023 பாடத்திட்டக் கட்டமைப்பு வந்த பிறகு வகுப்பு வகுப்பாகப் புது நூல்கள் எழுதி வருகிறீர்கள். பரிணாமம் பத்தாம் வகுப்புக்குத் திரும்பி வரவேண்டும். ஆனால் பழைய பக்கங்களை அப்படியே எடுத்து ஒட்டிவிடாதீர்கள். புதைபடிவங்களின் வயது எப்படித் தெரியும் என்று கேட்டு அதில் இரண்டு வழிகள் சொல்லியிருந்தீர்கள். ஒன்று, ஆழத்தில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. சரி. இரண்டாவது, புதைபடிவப் பொருளில் ஒரே தனிமத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகள் (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகள்) என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது. இந்த வரியில்தான் சிக்கல்.

அண்ணன் மகனுடைய பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு மகளும் நானும் அந்தப் பாடத்தைப் படித்தோம். “அப்போ எலும்பைக் கொஞ்சம் சுரண்டி லேபுக்கு அனுப்புவாங்களா, கீழடியில கார்பன் பார்த்த மாதிரி?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, உங்கள் வரியைப் படிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கீழடிக்குப் பிறகு ‘கார்பன் டேட்டிங்’ தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் வந்துவிட்ட சொல். கி.மு. ஆறாம் நூற்றாண்டுக் கரித்துண்டுக்கு அது சரியான கருவிதான். ஆனால் அதில் அளக்கப்படும் கார்பன்-14 என்ற ஐசோடோப்பு சிதைந்து சிதைந்து ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகிறது. பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஏறக்குறைய 50,000 ஆண்டுக்குப் பிறகு நம்பி அளக்க ஒன்றும் இருக்காது. ஐந்து கோடி ஆண்டுக்கு முந்திய எலும்பில் கார்பன்-14 தேடுவது, காலி டப்பாவைக் கவிழ்த்து அரிசி அளப்பது மாதிரி.

ஐந்து கோடி என்று சும்மா சொல்லவில்லை. குஜராத்தில், சூரத் மாவட்டத்தில், வஸ்தான் என்ற இடத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் இருக்கிறது. நம் நெய்வேலி போலப் பழுப்பு நிலக்கரிதான். அங்கே நிலக்கரி அடுக்குகளுக்கு நடுவே உள்ள களிமண்ணில், இந்தியாவில் கிடைத்ததிலேயே மிகப் பழைய பிரைமேட்டுகளின் பல்லும் தாடையும் கை கால் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. பிரைமேட் என்றால் தேவாங்கு, குரங்கு, வாலில்லாக் குரங்கு, நாம் எல்லாம் சேர்ந்த கூட்டம். 2005-இல் புதைபடிவ ஆய்வாளர் சுனில் பாஜ்பாயும் கூட்டாளிகளும் மார்க்கோடினோடியஸ் என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். அப்புறம் கென்னத் ரோஸ், தியரி ஸ்மித், ராஜேந்திர ராணா குழு 2016-இல் 25 எலும்புகளை விவரித்தது. எல்லாம் எலி, அணில் அளவுப் பிராணிகள். இந்தியா அப்போது ஆசியாவோடு முழுசாக முட்டி இமயமலை எழாத காலம். தேவாங்கு, லெமூர் பக்கம் போன கிளையும் டார்சியர் (பெரிய கண் கொண்ட ஒரு சின்னப் பிரைமேட்), குரங்கு, மனிதன் பக்கம் போன கிளையும் பிரிந்து அதிக காலம் ஆகாததால், எந்த எலும்பு எந்தக் கிளையுடையது என்று பிரித்துச் சொல்லவே ஆய்வாளர்கள் திணறியிருக்கிறார்கள்.

இதற்கு வயது எப்படி வந்தது? எலும்பைத் தொட்டு இல்லை. எலும்பு கிடைத்த படலத்துக்கு மேலே, கடல் உள்ளே புகுந்து படியவைத்த படலம் ஒன்று இருக்கிறது. அதில் நம்முலைட்டுகள் என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள். லத்தீனில் ‘சின்னக் காசு’ என்று பொருள், பார்க்கவும் காசு மாதிரியே இருக்கும். (பிரமிடு கற்களில் இவை நிறைய உண்டு. வேலையாட்கள் தின்று மிச்சம் வைத்த பருப்பு கல்லாகிவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னதாகப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.) இந்த இனங்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறிக்கொண்டே போனவை. எந்த இனம் எந்தக் காலத்தது என்ற வரிசை உலகம் முழுக்க ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது, அந்த வரிசைக்கு ஆண்டுக்கணக்கு பிற இடங்களின் எரிமலைச் சாம்பலிலிருந்தும் பூமியின் காந்தப்புலம் தலைகீழான தடயங்களிலிருந்தும் வந்தது. மேலே இருக்கும் காசின் காலம் தெரிந்தால் கீழே இருக்கும் எலும்பு அதைவிடப் பழையது. உங்கள் முதல் வழிதான் இங்கே வேலை செய்கிறது! முதலில் 5.3 கோடி ஆண்டு என்றார்கள், பிறகு வேறு தடயங்களையும் சேர்த்துப் பார்த்து 5.45 கோடி என்று திருத்தினார்கள்.

எரிமலை பக்கத்திலேயே இருந்தால் இன்னும் நேரடியாக அளக்கலாம். ஜெர்மனியில் டார்ம்ஸ்டட் அருகே மெசெல் குழி அப்படித்தான். எரிமலை வெடித்த பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. ‘ஐடா’ என்று உலகம் பூராவும் பேசப்பட்ட டார்வினியஸ் என்ற பிரைமேட் புதைபடிவம் அங்கே கிடைத்ததுதான். ஏரிப் படிவுகளுக்கு அடியில் துளைபோட்டு எடுத்த பசால்ட் என்ற எரிமலைப் பாறைத் துண்டுகளை ஆர்கான் முறையில் அளந்தார்கள். பாறைக் குழம்பு சூடாக இருக்கும்போது ஆர்கான் வாயு வெளியே போய்விடும், இறுகிய பிறகு பொட்டாசியம்-40 சிதைந்து உண்டாகும் ஆர்கான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பொட்டாசியம்-40 பாதியாக 125 கோடி ஆண்டு ஆகும் என்பதால் கோடிகளை அளக்க இது தோதான கடிகாரம். வந்த விடை ஏறத்தாழ 4.78 கோடி. ஏரி அதற்குப் பிறகு உண்டானது, ஐடா அந்த ஏரியில் செத்தது. கவனியுங்கள், ஒரே தனிமம் இல்லை, ஒன்று பொட்டாசியம், இன்னொன்று ஆர்கான். புதைபடிவத்திலும் இல்லை, அடியில் கிடந்த கல்லில். ஒரு வரியில் இரண்டு தப்பு.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 2009 மே மாதம் ஐடாவை மனித வம்சத்தின் பக்கமாக வைத்து ஏகப்பட்ட ஆர்ப்பாட்டத்தோடு அறிமுகப்படுத்தினார்கள், அதே வருடம் எகிப்தில் கிடைத்த அஃப்ராடாபிஸ் என்ற பிராணியோடு ஒப்பிட்ட எரிக் சைஃபர்ட் குழு, அது லெமூர், தேவாங்கு பக்கம்தான் என்று காட்டிவிட்டது. உறவு மாறியது, வயது மாறவில்லை. வஸ்தானிலும் 2008-இல் ஆந்த்ராசிமியஸ் என்ற ஒன்றை மிகப் பழைய குரங்கினம் என்றார்கள், மற்றவர்கள் அது ஏற்கெனவே பெயர் வைத்த மார்க்கோடினோடியஸ்தான் என்று மறுத்தார்கள். உறவு பற்றிய சண்டையும் வயது பற்றிய கணக்கும் வேறு வேறு என்பது புரியாததால்தான், ஒரு புதைபடிவத்தின் உறவுமுறை மாறினாலே “பார்த்தாயா, எல்லாம் உருட்டு” என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது.

பழைய பாடத்தில் படலம் படலமாகப் புதைபடிவம் உருவாவதற்கு ஒரு விளக்கம் இருந்தது நினைவிருக்கிறதா? கீழே முதுகெலும்பில்லாதவை, அதற்கு மேல் டைனோசர், அதற்கும் மேல் குதிரை போன்ற ஏதோ ஒன்று. ஊர் பெயர் இல்லை, நாடு பெயர் இல்லை. அந்த இடத்தில் வஸ்தானை வையுங்கள். களிமண்ணில் சின்ன எலும்பு, மேலே காசு மாதிரி ஓடுகள், ஓரத்தில் சூரத் என்று ஒரு வரைபடப் புள்ளி. எங்கள் பக்கத்துக் கடவூர்க் காட்டில் இன்றைக்கும் திரிகிற தேவாங்கு ஒன்றையும் பக்கத்தில் வரைந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சந்தோஷப்படும், 2022-இல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். வரைய ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், என் மகள் ஏற்கெனவே நோட்டில் ஒன்று வரைந்து வைத்திருக்கிறாள். நம்முலைட்டை மட்டும் அசல் ஐந்து ரூபாய் நாணயமாகவே போட்டுவிட்டாள், அதை அழித்துத் திருத்தித் தரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா,
திண்டுக்கல்