முதல் முறை மனம் குழம்பி வருபவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கும் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் வரை நன்றாக இருந்த பிள்ளை இப்போது ஆளே மாறிவிட்டது என்று ஒரு குடும்பம் உங்கள் முன் வந்து நின்றால், அந்த ‘போன வாரம்’ என்ன என்று உட்கார வைத்துக் கேளுங்கள். ஸ்கிசோஃப்ரினியா போன்ற மனநோய்கள் பெரும்பாலும் மாதக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் வெளியே தெரியும். நோய் எதிர்ப்பு மண்டலம் மூளையையே தாக்கும்போது எல்லாம் சில நாட்களில், சில வாரங்களில் நடந்துவிடுகிறது. அந்த வேகம் குடும்பத்துக்குத் தெரியும். சீட்டில் அது ஏறுவதில்லை.

அப்படி வரும் மூளை அழற்சிகளில் ஒன்றான என்எம்டிஏ ரிசப்டர் என்செஃபலைட்டிஸ் உங்களுக்குத் தெரியாத பெயர் இல்லை. நரம்பியல் மருத்துவர் ஜோசப் தால்மாவின் குழு 2007இல் இதற்குக் காரணமான ஆன்டிபாடியை, அதாவது உடம்பே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை, அடையாளம் காட்டியது. பல இளம்பெண்களுக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருக்கும். அதில் நரம்புத் திசுவும் இருக்கும். அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி, மூளைச் செல்கள் செய்தி வாங்கப் பயன்படுத்தும் என்எம்டிஏ ரிசப்டர்களில் போய் ஒட்டி அவற்றைக் குறைத்துவிடுகிறது. மாயத் தோற்றங்களை உண்டாக்கக்கூடிய கெட்டமின் என்ற மயக்க மருந்து தடுப்பதும் இதே ரிசப்டரைத்தான். அப்புறம் மாயக்குரல், சந்தேகம், பயம் எல்லாம் வருவதில் என்ன ஆச்சரியம்? கட்டியே இல்லாமலும் பலருக்கு இது வருகிறது, ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட.

2008இல் வெளியான ஆய்வில் இருந்த 100 நோயாளிகளில் 77 பேர் முதலில் போனது மனநல மருத்துவரிடம். நரம்பியல் வார்டுக்கு முன்னால் உங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். நம் ஊரில் அதற்கும் முன்னால் கோயிலும் தர்காவும் தாயத்தும் முடிந்திருக்கும். உங்களிடம் வரும்போதே பல நாள் போயிருக்கும்.

என் தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். முதலில் காய்ச்சலும் தலைவலியும். பிறகு தூக்கமே இல்லை. சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறோம் என்றாள். சேர்த்த இடத்தில் ‘மனநோய்’ என்று எழுதி ஊசி போட்டார்கள். உடம்பு கட்டையாக விறைத்தது. பேச்சு நின்றது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே இருக்கும். வாய் மட்டும் எதையோ மெல்வதுபோல ஓயாமல் அசைந்துகொண்டே இருந்தது. ‘வேண்டுமென்றே செய்கிறாள்’ என்றார் ஒருவர். வலிப்பு வந்த பிறகுதான் நரம்பியல் மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி: “வாய் எப்போதிலிருந்து இப்படி அசைகிறது?” அம்மா நாளைச் சரியாகச் சொன்னார். அதுவரை அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

எல்லா மனக்குழப்பமும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. இது அரிய நோய். ஆனால் திடீரென்று தொடங்கி, கூடவே வலிப்பு, வாய் ஓயாமல் அசைதல், பேச்சு குறைதல், உடம்பு விறைத்தல், காரணம் தெரியாத காய்ச்சல், ரத்த அழுத்தம் ஏறி இறங்குதல் என்று ஏதாவது ஒன்று இருந்தால், மனநல மருந்துக்கு உடம்பு மோசமாக முறுக்கிக்கொண்டால், தயவுசெய்து மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுங்கள், முதுகுத் தண்டு நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எம்ஆர்ஐ நார்மல் என்பதை வைத்து ஃபைலை மூடிவிடாதீர்கள். பலருக்கு அது நார்மலாகத்தான் இருக்கும். ரத்தத்தில் மட்டும் ஆன்டிபாடி பார்த்தால் சிலருக்குத் தவறிப்போகும். பெண்ணாக இருந்தால் வயிற்றுக்கும் ஸ்கேன் வேண்டும். நோய் எதிர்ப்பு மண்டலம் உடம்பின் பல உறுப்புகளையும் தாக்கும் லூபஸ் நோயிலும் இப்படி மனம் குழம்பலாம் என்பதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

இன்னொன்று. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று எங்கள் வீடுகளில் இன்னமும் பயப்படுகிறார்கள். அதனால்தான் சம்மதப் படிவத்தைப் பார்த்ததும் பின்வாங்குகிறோம். ‘கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள்’ என்று எழுதி நகர்ந்துவிடாமல் ஐந்து நிமிடம் பேசுங்கள். எங்கள் அப்பா சம்மதித்தது அப்படி ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பேசியதால்தான்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இதற்கு மருந்து இருக்கிறது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம். அவை போதாவிட்டால் ரிட்டுக்ஸிமாப். கட்டி இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். 577 பேரைச் சேர்த்து 2013இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல். என் தங்கைக்கு அந்த வாரங்கள் எதுவுமே நினைவில் இல்லை. பழையபடி புத்தகத்தை எடுத்து உட்கார அவளுக்கு மாதக்கணக்கில் ஆனது. ஆனால் உட்கார்ந்தாள்.

அதே ஆய்வில் ஏறக்குறைய 12 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் திரும்ப வந்தது. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். திரும்ப வந்தால் முதலில் தெரியும் அறிகுறிகளையும் தமிழில் எழுதுங்கள். அடுத்த முறை நடுராத்திரியில் வேறொரு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் முன் நிற்கும்போது, எங்கள் கையில் காட்டுவதற்கு அந்தச் சீட்டுதான் இருக்கும்.

இப்படிக்கு,
குணமாகிவிட்ட ஒரு பெண்ணின் அக்கா