முழங்கை உயரத்தில் ஒரு மேசை

தண்ணீரூற்று
ஆனி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. மேசை முடியட்டும், பிறகு எழுதலாம் என்று நாளைக் கடத்திவிட்டேன். நேற்று முடிந்தது. அதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பேனா பிடிக்க அது கொஞ்சம் பதிவுதான், உயரம் போதாது. ஒலிப்பதிவு மேசை பதிவாக இருப்பதில் என்ன பிழை என்று மகன் கேட்கிறான். உன்னோடு பழகியவன் போலக் கதைக்கிறான், ஆளைப் பார்த்ததுகூட இல்லை.

அம்மா சுகம். கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. இப்போது என் சட்டையில் உள்ள கறை ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிகிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலும் நன்றாக நடந்தது. முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்க்க வந்த கூட்டத்துக்குள் நானும் ஒலிவாங்கியோடு நின்றேன். பறையொலியை எடுக்கப் போனவனுக்கு, காணாமல்போன பிள்ளையை அழைக்கும் அறிவிப்புத்தான் அதிகம் கிடைத்தது. பிள்ளை கிடைத்துவிட்டது, கவலைப்படாதே.

சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து நாளுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்வதாகவும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதனால் மேசைக் கதையை உனக்குக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

எதற்காக இந்த ஒலிப்பதிவு அறை என்பது உனக்குத் தெரியும். கோவலன் கூத்தை முழுதாக மனத்தில் வைத்துப் பழக்கும் அண்ணாவிமார் குறைந்துகொண்டு வருகிறார்கள். நமக்குத் தெரிந்த பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் பாட்டுகளை ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்றுதான் பின்பக்கத்து அறையை ஒதுக்கினேன். 14 அடி நீளம், 10 அடி அகலம். நீ அனுப்பிய இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரு கீறலும் இல்லாமல் வந்து சேர்ந்தன. அவற்றை வைக்க, பட்டணத்துக் கடையொன்றில் ஓர் அலுவலக மேசை வாங்கினேன். உயரம் 30 அங்குலம், வலப்பக்கம் மூன்று இலாச்சி, மேலே கண்ணாடி போன்ற மினுக்கம். பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல மேசை என்றார்கள்.

ஒரு கிழமைக்குள் தோள் இரண்டும் காதோடு ஒட்டிக்கொண்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்து இரவு பத்து மணி வரை கணினி எலியைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். எழும்பும்போது கையைத் தூக்கிக் கும்பிடக்கூட முடியாது. அது போதாதென்று ஓர் இரைச்சல். மத்தளத்தின் ஒரு குறிப்பிட்ட அடி விழும்போதெல்லாம் எங்கோ ‘ஸ்ர்ர்’ என்று கேட்கும். ஒலிவாங்கியைச் சந்தேகித்தேன். கம்பியைச் சந்தேகித்தேன். கடைசியில் உன் ஒலிபெருக்கியையே சந்தேகித்தேன், மன்னித்துக்கொள். இரண்டாம் நாள் இரவு மேசைக்குக் கீழே படுத்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தபோது, இரண்டாவது இலாச்சியின் பித்தளைக் கைபிடியில் சத்தம் நின்றது. வெற்று இலாச்சியும் ஒரு மத்தளம்தானே. மேலே ஒலிபெருக்கியை வைத்தால் அது சும்மா இருக்குமா?

அந்த மேசை இப்போது மகனின் அறையில் நிற்கிறது. நான் ஓடாவியாரைத் தேடிப் போனேன். நம் பழைய பள்ளிக்கூடத்து வாங்குகளைச் செய்தவர்தான், இன்னும் உளி பிடிக்கிறார். இணையத்தில் பார்த்த படங்களைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். ஏற்ற இறக்கமான தட்டுகள், சிவப்பு வெளிச்சம், விமானி இருக்கும் இடம் போல வளைந்த மேசைகள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “தம்பி, இதில் இருப்பவனை ஒரு படத்திலும் காணவில்லையே” என்றார்.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தவர் அறையை அளக்கவில்லை. என்னைக் கதிரையில் இருத்தினார். பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் படியும்வரை கதிரையைப் பதித்தார். “தோளை விடு. இன்னும் விடு. மரக்கறி மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி விடு.” முழங்கையை மடிக்கச் சொல்லி, அதன் அடி வருமிடத்தில் ஒரு பனைமட்டையை நிறுத்தி ஆணியால் கீறினார். நிலத்திலிருந்து 25½ அங்குலம். கணினி விசைப்பலகையின் தடிப்பு ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம். அதைக் கழித்தால் மேசைக்கு 24¾. கடை மேசை என்னைவிட ஐந்தேகால் அங்குலம் உயர்ந்து நின்றிருக்கிறது, மச்சான். அந்த ஐந்தேகாலைத்தான் நான் இத்தனை நாளாகத் தோளால் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மரத்தைத் தொடுவார் என்று நினைத்தேன். இல்லை. கடையிலிருந்து அட்டைப்பெட்டிகளை எடுத்துவரச் சொன்னார். செங்கல் அடுக்கி, அதன்மேல் அட்டையை வெட்டிப் போட்டு, ஒரு சனிக்கிழமை முழுவதும் அட்டை மேசையில் இருந்து வேலை செய்தேன். என் ஆசையெல்லாம், இசை வாசிக்கும் கீபோர்டு மேசைக்குக் கீழே இலாச்சி போல இழுபட வேண்டும் என்பதுதான். படங்களில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அட்டையில் செய்து பார்த்தால் கணக்கு உதைத்தது. கீபோர்டு 3 அங்குலத் தடிப்பு, அதைத் தாங்கும் பலகை முக்கால். தொடைக்கும் அந்தப் பலகைக்கும் இடையில் இரண்டு நூல்தான் மிச்சம். மூச்சை இழுத்தால் இடிக்கும். கீபோர்டுக்கு இடம்விட்டு மேல்தட்டை உயர்த்தினாலோ தோள்வலி திரும்பி வரும்.

ஓடாவியார் அட்டையில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் நீ அதை வாசிக்கிறாய் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன்: அரை மணித்தியாலம் வாசித்தால் பெரிது. மிச்சமெல்லாம் வெட்டுவதும் ஒட்டுவதும் கேட்பதும்தான். “அப்படியென்றால் அதற்கு ஏன் நடுவீட்டில் இடம்?” கீபோர்டு இப்போது வலப்பக்கம் தனிக் கால்களில் நிற்கிறது. கதிரையைத் திருப்பினால் கைக்குள் வந்துவிடும்.

முன்விளிம்பில், வயிறு வரும் இடத்தை 4 அங்குல ஆழத்துக்கு வளைத்து வெட்டினார். என் வயிற்றைப் பார்த்து எடுத்த முடிவு என்று நினைத்து முதலில் எனக்குக் கோபம்தான். ஆனால் அந்த வளைவுக்குள் இருந்தால் முன்கை இரண்டும் பலகையில் சாய்ந்துவிடுகின்றன. விளிம்பு மணிக்கட்டை வெட்டாதபடி சீவுளி போட்டு உருட்டிவிட்டார். கணினித் திரை ஒரு கை நீளத் தூரத்தில் நிற்கிறது. அதன் மேல்விளிம்பு என் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. உன் மடிக்கணினிக்கு அடியில் நாலு தடித்த புத்தகத்தை வைத்து, விசைப்பலகை ஒன்றைத் தனியாக வாங்கு. மருந்தெண்ணெயைப் பிறகு பார்க்கலாம்.

காதுக்கு வேண்டியதை மட்டும் நான் ஓடாவியாருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மேசையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்துக் கதிரையில் இருந்து பார்த்தால், அதில் ஒலிபெருக்கி தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்தால் காதுக்கும் அந்த வழியால் ஒலி வரும். நேரே வரும் ஒலியைவிட அது 34 சென்ரிமீற்றர் கூடுதலாகச் சுற்றினால் ஒரு மில்லிசெக்கன் பிந்தும். பிந்தி வந்தது முந்தி வந்ததோடு மோதி 500 ஹேர்ட்ஸ் அளவிலும், பிறகு 1500, 2500 என்றும் ஒலியைத் தின்றுவிடும். குரலின் உயிர் இருக்கும் இடமே அதுதான். ஓடாவியார் கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் பலகை வேண்டாம், வண்டித்தட்டு மாதிரிச் சட்டம் அடிக்கிறேன் என்றார். மேசையின் பின்பாதி இப்போது இடைவெளி விட்ட சட்டங்கள்தான். ஒலியில் ஒரு பங்கு கீழே இறங்கிப் போகிறது, கம்பிகளும் அந்த வழியால் போகின்றன. தெறிப்பு முற்றாகப் போகவில்லை. ஆனால் பெரியவரின் குரல் குடத்துக்குள் இருந்து வருவது போல இப்போது கேட்பதில்லை.

ஒலிபெருக்கிகளுக்கு மேசையில் இடமே கொடுக்கவில்லை. பக்கத்து வளவில் காற்றுக்கு விழுந்த பனையில் இரண்டு குற்றி வெட்டுவித்தேன். பனையில் வெளிவைரம்தான் மரம், நடுவெல்லாம் மெத்தென்று இருக்கும். தண்ணீர்ப் பீலிக்குத் தோண்டுவது போல நடுவைத் தோண்டிவிட்டு, மணல் நிரப்பினோம். மணல் காய்ந்திருக்க வேண்டுமே என்று முற்றத்தில் அடுப்பு மூட்டித் தாச்சியில் போட்டு வறுத்தேன். முறிகண்டியில் வாங்கிய பச்சைக் கச்சான்கடலை வீட்டில் இருந்ததால், மனைவி அதையும் கொண்டுவந்து தாச்சிக்குள் கொட்டிவிட்டாள். கச்சான் நன்றாக வறுபட்டது. இடப்பக்கக் குற்றிக்குள் ஒன்றிரண்டு இன்னும் இருக்கும். குற்றிக்குக் குற்றி 4 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் என் தலைக்கு 4 அடி. மேல்ஸ்தாயி வரும் சின்னக் கூம்பு சரியாகக் காதுமட்டத்தில். நான் இருப்பது முன்சுவரிலிருந்து 5 அடி 4 அங்குலத்தில், அதாவது அறை நீளத்தில் நூற்றுக்கு 38 பங்கில். இது சட்டமில்லை, தொடங்குவதற்கு ஒரு கைக்கணக்கு. நட்டநடுவில் இருந்தால் அடித்தொனியில் ஒரு பகுதி காணாமல்போய்விடும்.

மரம் நம் வளவு வேம்புதான். கிணற்றுக்கட்டை உடைக்கிறது என்று தறித்து, ஒன்றரை வருடம் கொட்டிலில் ஆறப்போட்டிருந்தேன். முதலில் போன அரிவு ஆலையில், எந்தப் பக்கத்து மரம் என்று கேட்டார்கள். சொன்னேன். “வேண்டாம் அண்ணை, வாள் போய்விடும்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓடாவியார் பழுதான ஒலிபெருக்கியொன்றின் காந்தத்தைக் கேட்டு வாங்கி, மரத்தின் உடம்பெல்லாம் தடவினார். மூன்று இடத்தில் பிடித்தது. மூன்றையும் தோண்டி எடுத்தார். நாலாவது ஆழத்தில் கிடந்து வாளின் இரண்டு பல்லைக் கொண்டுபோயிற்று. வாளுக்கு நான்தான் காசு கொடுத்தேன். பலகை விரிந்தபோது பார்த்தோம்: நெல்லைவிடக் கொஞ்சம் பெரிய, சண்டைக் காலத்துக் குண்டுச் சன்னம், அதைச் சுற்றி மை ஊறியது போல ஒரு கறுப்பு, நார் வழியே ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருந்தது. வாழைக்காய் வெட்டிய கத்தி கறுக்குமே, அதே துவர்ப்பும் இரும்பும்தான். எடுக்கவா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். மெழுகு தேய்த்து மூடிவிட்டோம். இடது முன்கை படும் இடம் அது. கைக்கு ஒன்றும் தெரிவதில்லை.

ஒரு பிழை என்னுடையது. ஒலிக்கருவிகளைப் பூட்டும் சட்டகம் 19 அங்குலம் என்று சொல்லிவிட்டேன். பெட்டியின் வெளி அளவு என்று எடுத்துக்கொண்டார். உள்ளே 17½தான் வந்தது. முகப்புத் தகட்டின் இரண்டு காதோடும் சேர்த்துத்தான் 19 என்பதும், நடுவில் கருவி நுழைய 17¾ வேண்டும் என்பதும் நான் சொல்லியிருக்க வேண்டியவை. இரண்டு நூலுக்காகப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினார், திட்டிக்கொண்டே.

மின்கம்பிகள் ஒரு காலோடும் ஒலிக்கம்பிகள் மறு காலோடும் இறங்குகின்றன. குறுக்கிட வேண்டிய ஓரிடத்தில் செங்குத்தாகக் கடக்க வைத்தேன், 50 ஹேர்ட்ஸ் முனகல் அடங்கிவிட்டது. அந்த முனகலைக் கேட்டபோதெல்லாம் நம் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. மின்சாரமில்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கம்பி இழுத்து, நீ பெடலைக் கையால் சுற்ற நான் கசற் கேட்பேன். நீ களைத்தால் பாடகரும் களைப்பார். சுதியைக் கூட்டு என்று நான் கத்துவேன். இன்று 230 வோல்ற் சுவரில் இருக்கிறது, களைப்பதற்கு நீதான் பக்கத்தில் இல்லை.

நேற்றுப் பின்னேரம் பெரியவரைக் கூட்டிவந்தேன். மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதிரை வேண்டாம் என்று பாயை விரிக்கச் சொன்னார். இவ்வளவு அளந்தும் பாயை அளக்கவில்லையே என்று ஓடாவியார் என்னைப் பார்த்தார். ஒலிவாங்கியை இறக்கிக் கட்டினேன். கண்ணகியின் வழிநடைப் பாட்டைப் பாடினார், இடையில் ஒரு தடவை இருமினார். இருமலையும் வெட்டவில்லை. கேட்கும்போது ஒரு இலாச்சியும் அதிரவில்லை, இலாச்சியே இல்லையே.

வேம்புப் பலகையில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. மடிக்கணினிக்கு அடியில் வைக்கிற தட்டொன்று உனக்குச் செய்து தருவதாக ஓடாவியார் சொல்கிறார். கதிரையில் இரு, தோளை விடு, முழங்கை உயரத்தையும் கண் உயரத்தையும் அளந்து எழுது. அங்கே குளிருக்கு வீட்டுக்குள்ளும் தடித்த சப்பாத்துப் போடுவாயானால், அதோடேயே அளந்துகொள். அங்குலத்தில் எழுது. சென்ரிமீற்றரில் எழுதினால் அவர் என்னைத்தான் திட்டுவார்.

உன் பழைய கூட்டாளி