சங்கத்தில் ஒரு நாற்காலி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. கூடச் சட்டம் படிக்கும் கறுப்பினப் பெண் தங்கள் கறுப்பின மாணவர் சங்கக் கூட்டத்துக்கு உன்னையும் கூப்பிட்டாள் என்றாய். "பொதுவா ஒரு வக்கீல் சங்கம் இருக்கே, இவங்களுக்கு எதுக்குப்பா தனியா ஒண்ணு?" என்று கேட்டாய். ராத்திரி முழுக்க அதுவே மனதில் ஓடியது.

போன கோடையில் நான் அமெரிக்காவுக்கு, அயோவா மாநிலத்து டி மாயின் நகருக்கு வந்திருந்தபோது ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? கறுப்புச் செங்கல்லில் 30 அடி உயரச் சிற்பம். ஓர் உடுக்கை மேல் இன்னோர் உடுக்கையை வைத்து, மேலே உள்ளதைக் கொஞ்சம் நகர்த்திவிட்ட மாதிரி நின்றது. தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் சேதி சொல்ல அடிக்கும் முரசு என்றாய். யாருக்காக வைத்தது என்று அன்றைக்கு நாம் பேசவில்லை. ஊருக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். 1925-ல் அதே டி மாயினில் 12 கறுப்பின வக்கீல்கள் கூடி ஆரம்பித்த நேஷனல் பார் அசோசியேஷன் என்ற வக்கீல் சங்கத்துக்காக 2018-ல் எழுப்பியது அது.

அவர்கள் ஆசைப்பட்டுத் தனியாகப் போகவில்லை, பாப்பா. 1912-ல், நீ சொன்ன பொது வக்கீல் சங்கமான அமெரிக்கன் பார் அசோசியேஷன் நிறம் தெரியாமல் மூன்று கறுப்பின வக்கீல்களைச் சேர்த்துவிட்டது. அதில் ஒருவர் வில்லியம் லூயிஸ், அமெரிக்க அரசின் உதவி அட்டர்னி ஜெனரல். விஷயம் தெரிந்ததும் நிர்வாகக் குழு அவர் சேர்க்கையை ரத்து செய்தது. அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் விக்கர்ஷாமே லூயிஸுக்காகச் சண்டைக்கு நின்றார். கடைசியில் மூவரையும் இருக்க விட்டார்கள். ஆனால் இனி விண்ணப்பிப்பவர் தன் இனத்தை எழுதித் தர வேண்டும் என்றார்கள். இனம் பார்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது 1943-ல்தான்.

அந்த 12 பேரில் ஒரே பெண், கெர்ட்ரூட் ரஷ். கணவரின் வக்கீல் ஆபீசிலேயே சட்டம் படித்து, 1918-ல் அயோவாவின் முதல் கறுப்பினப் பெண் வக்கீலாகப் பதிவானவர். உன் வயதில் இருக்கும் எல்லாப் பெண்களும் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

34 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு சுமந்தவன் நான். புது ஜூனியருக்குச் சங்க அறை என்றால் என்னவென்று கண்ணால் பார்த்திருக்கிறேன். உட்கார ஒரு நாற்காலி, புரட்ட ஒரு லா ரிப்போர்ட், "தம்பி, இந்த மனுவில் பிரிவு தப்பு, மாற்றிக் கொண்டுபோ" என்று சொல்ல ஒரு சீனியர். எந்தக் கோர்ட்டில் எப்படி வாய்தா கேட்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, அங்கே டீ குடிக்கும்போது காதில் விழுவதுதான். அந்த அறைக்குள் விடமாட்டேன் என்றால் ஒருவன் தொழிலை எங்கே கற்பான்?

அந்தக் கறுப்பின வக்கீல்கள் பாடு அதோடு முடியவில்லை. கறுப்பினக் கட்சிக்காரர்களே பலர் வெள்ளை வக்கீலைத் தேடிப் போனார்கள். நம்ம ஆள் பேசினால் வெள்ளை ஜட்ஜும் ஜூரியும் காதுகொடுக்க மாட்டார்கள் என்ற பயம். கட்சிக்காரர் வராத ஆபீஸ் எப்படி இருக்கும் தெரியுமா? ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். நாடு முழுக்கக் கறுப்பின வக்கீல்கள் 1,000 பேர்கூட இல்லாத காலம் அது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் 120-க்கும் குறைவு. அந்தக் கொஞ்சம் பேர் கூடித்தான் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி நிலையங்கள் திறக்க வேண்டும் என்ற முயற்சியில் இறங்கினார்கள்.

தனிச் சங்கம் வைத்ததால் பொதுச் சங்கத்தை விட்டு விலகிவிட்டார்கள் என்று நினைக்காதே. டென்னிஸ் ஆர்ச்சர் என்ற வக்கீல் 1983-ல் இந்தக் கறுப்பின வக்கீல் சங்கத்தின் தலைவர். 2003-ல் அமெரிக்கன் பார் அசோசியேஷனுக்கும் முதல் கறுப்பினத் தலைவர் ஆனார். 1878-ல் தொடங்கிய சங்கம் அது. கணக்குப் போட்டுப் பார், எத்தனை வருஷம்! இன்றைக்கும் அமெரிக்காவில் 100 வக்கீல்களில் கறுப்பினத்தவர் சுமார் 5 பேர்தான். மக்கள்தொகையிலோ 100-க்குச் சுமார் 13 பேர்.

உன் தோழியின் சங்கமும் அப்படிப் பிறந்ததுதான். 1968-ல் நியூயார்க்கில் சட்ட மாணவர்கள் ஆரம்பித்தார்கள். அங்கேயும் பரீட்சைக்கு நோட்ஸ் கொடுப்பது, இன்டர்வியூவுக்குத் தயார் செய்வது, சீனியர் வக்கீலிடம் அறிமுகம் செய்து வைப்பது என்றுதான் நடக்கிறதாம். வீட்டில் முதல் வக்கீலாக வரும் பிள்ளைக்கு இதெல்லாம் யார் சொல்லித்தருவார்? உனக்கு நான் இருந்தேன், கட்டுத் தூக்கியவன் என்றாலும்.

அதனால் அவள் கூப்பிட்டால் போ. பின் வரிசையில் உட்கார்ந்து கேள். அடுத்த வியாழக்கிழமை என்றாய் அல்லவா? முடிந்ததும் போன் பண்ணு, இங்கே விடியற்காலையாக இருந்தாலும் எழுந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா