நீ ரயில் மாறும் நிலையம்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் நோ இப்போது பரவாயில்லை. நீ வேலைக்குப் போகிற வழியில் எடுத்து அனுப்பிய படத்தை நேற்று இரவு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கோப்பி, தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை, பின்னால் பெயர்ப்பலகை: பிரீட்ரிக்ஸ்ட்ராசே. "தினமும் இங்கேதான் எஸ்-பான் நகர ரயிலிலிருந்து ஊ-பான் சுரங்க ரயிலுக்கு மாறுகிறேன் அப்பா" என்று எழுதியிருந்தாய். அம்மா அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார்.

எப்படி ஜேர்மனிக்கு வந்தீர்கள் என்று சின்ன வயதில் நீ கேட்கும்போதெல்லாம் "பிளேனில்" என்று சொல்லி விட்டுவிடுவேன். பிளேன் கிழக்கு பேர்லின் வரைக்கும்தான் பிள்ளை. மிச்சத்தைக் கடந்தது நீ கோப்பியோடு நிற்கிற அந்த நிலையத்தில்.

1985 மாசி மாதம். எனக்கு 22 வயது. கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையம். அந்த நாளில் ஜேர்மனியும் பேர்லினும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து கிடந்தன. கிழக்கு ஜேர்மனி எங்களுக்கு இடைவழி விசா கொடுத்தது. மேற்குப் பக்கத்திலோ எல்லைச் சோதனை கிடையாது. பேர்லின் முழுவதும் ஒரே நகரம், நடுவில் இருப்பது நாட்டு எல்லை அல்ல என்பது அவர்களின் நிலைப்பாடு. அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளால்தான் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் வந்து சேர்ந்தார்கள். அந்த வருடக் கோடையிலேயே, மேற்கு ஜேர்மன் விசா இல்லாத இலங்கையருக்கு அந்த வழியைக் கிழக்கு ஜேர்மனி அடைத்துவிட்டது. சில மாதம் பிந்தியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேனோ தெரியாது.

நிலையத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியும் இரும்புமாக ஒரு மண்டபம் நிற்கிறது, கவனித்திருப்பாய். மேற்குக்குப் போகிறவர்களைச் சோதிக்கவென்றே 1962இல் கட்டியது. அதன் வாசலில் வயதான ஒரு அம்மா இளைஞன் ஒருவனின் கையைப் பிடித்தபடி நின்று அழுதார். என்னவோ கெட்டது நடந்துவிட்டது என்று நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. அப்படி ஒன்றுமில்லை. மேற்கிலிருந்து பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டும், கிழக்கில் இருக்கிறவர்கள் அந்த வாசலோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்ச்சனம் அந்த மண்டபத்துக்கு வைத்த பெயரே கண்ணீர் மாளிகை. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது, பஸ் நிலையத்தில் என் சட்டைக் கையைப் பிடித்தபடி நின்ற உன் அப்பம்மா.

உள்ளே கடவுச்சீட்டுப் பார்க்கும் கூண்டு ஒரு ஆள் அகலம்தான். முன்னால் உயர்ந்த மேசை, தலைக்கு மேல் சரிந்த கண்ணாடி. நான் முதுகுப் பக்கம் என்ன வைத்திருக்கிறேன் என்பதுகூட அதில் தெரியும். உள்ளே இருந்தவர் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டச் சொன்னார். படத்தில் உள்ள காதும் என் காதும் ஒன்றா என்று பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியாது. முத்திரை விழுந்த சத்தம் மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஒரு பொத்தான் இரைந்தது, கதவு திறந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பெரிய பயம். நிலையம் முழுவதும் கிழக்கு பேர்லினுக்குள், ஆனால் அதன் பாதி மேற்கின் ரயில்களுக்கு. 1961இல் கிழக்கையும் மேற்கையும் பிரிக்கிற மதில் வந்த பிறகு ஒரே கூரையின் கீழ் இரண்டு நிலையங்களாக்கிவிட்டார்கள். கிழக்கு எஸ்-பான் மேடைக்கும் மேற்கு மேடைக்கும் நடுவில் ஒரு தடுப்பு. அந்தப் பக்கத்து ரயில் சத்தம் கேட்கும், ரயில் தெரியாது. படிகளும் சுரங்க வழிகளும் பின்னிக் கிடந்தன. பிழையான ரயிலில் ஏறித் திரும்பவும் கிழக்குக்கே போய்விடுவேனோ என்று மேடையில் நின்று நடுங்கினேன். சோதனை தாண்டினால் அங்கிருந்து எந்த எஸ்-பானும் மேற்குக்குத்தான் போகும் என்று சொல்ல ஆள் இல்லை. பக்கத்துக் கடையில் மேற்குக் காசுக்கு விற்கிற சிகரெட்டும் சாராயமும் சொக்லேட்டும். ரயில் வந்தது, ஏறினேன். தண்ணீரைக் கடந்து, மதிலைக் கடந்து, அடுத்த நிலையம் லேர்ட்டர். இப்போது பெரிய மத்திய நிலையம் நிற்கிற இடம் அதுதான்.

நீ ஏறுகிற ஊ6 சுரங்க வண்டியும் அந்த நாளில் மேற்கின் வண்டிதான், ஆனால் கிழக்குக்குக் கீழே ஓடியது. ஷ்டட்மிட்டே, ஒரானியன்பேர்கர் டோர் எல்லாம் மங்கல் வெளிச்சத்தில் காவலாளிகள் மட்டும் நிற்கும் பேய் நிலையங்கள். வண்டி நிற்காது. நடுவில் அது நின்றது பிரீட்ரிக்ஸ்ட்ராசேயில் மட்டும்.

இந்த நிலையத்துக்கு அதைவிடப் பழைய கதையும் உண்டு. நகரத்துக்கு நடுவால் செங்கல் வளைவுகளின் மேல் ரயில் பாதை போட்டு 1882இல் திறந்தார்கள். நீ பார்க்கிற கூரை 1925இல் முடித்தது. 1936இல் நிலத்துக்குக் கீழே வடக்குத்-தெற்கு எஸ்-பான் வந்தது. வெளியே கேயோர்கன்ஸ்ட்ராசே பக்கம் வெண்கலப் பிள்ளைகள் சிலர் பெட்டிகளோடு நிற்கிறார்கள். போருக்கு முன்னால் சுமார் 10,000 பிள்ளைகளை, பெரும்பாலும் யூதப் பிள்ளைகளை, தாய் தகப்பனில்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தச் சிலையைச் செய்த பிராங்க் மைஸ்லரும் 1939இல் அப்படிப் போன ஒரு பிள்ளைதான். இரண்டு பிள்ளைகள் ஒரு பக்கம் பார்க்கிறார்கள், அவர்கள் தப்பியவர்கள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம், அவர்களுக்குப் போன ரயில் வேறு. அந்த இடத்தில் ஓடாதே மகள், ஒரு நிமிடம் நில்.

1990 ஆடியில் சோதனையை நிறுத்தினார்கள், அடுத்த நாளே ரயில் ஊடறுத்து ஓடியது. கண்ணீர் மாளிகை சில காலம் பாட்டுக் கச்சேரி மண்டபமாக இருந்தது, 2011இலிருந்து அருங்காட்சியகம். உள்ளே போகக் காசு இல்லை. அந்தக் கூண்டை அப்படியே வைத்திருக்கிறார்களாம். இத்தனை வருடத்தில் நான் போய்ப் பார்க்கவில்லை, மனம் வரவில்லை. உன் படத்தைப் பார்த்த பிறகு போகலாம் என்று இருக்கிறது.

ஏழாம் மாதம் அம்மாவும் நானும் வருகிறோம். டோர்ட்மண்டிலிருந்து வருகிற ரயில் இப்போது அங்கே நிற்பதில்லை, மத்திய நிலையத்தில் இறங்கி எஸ்-பானில் ஒரு நிலையம் கிழக்குப் பக்கமாக வர வேண்டும். நீ கூட்டிப் போக வராதே. மேடையில் நில், நாங்கள் வந்து இறங்குகிறோம்.

அப்புறம், படத்தில் உன் கழுத்தில் சால்வை இல்லை. அந்த மேல் மேடையில் ஆற்றுக் காற்று உள்ளே வரும். சால்வை போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா