மூட்டைக் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூருவில் தமிழர்கள் நடத்தும் சிறு, நடுத்தரக் கட்டுமான நிறுவனங்கள் ஏராளம். கொத்தனாராக வந்து, மேஸ்திரியாகி, இன்று நாலைந்து சைட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிற ஒப்பந்ததாரர்கள் கே.ஆர். புரத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களோடு போட்டி போட 'டேட்டா' வேண்டும், அதற்குப் பெரும் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்று இவர்களிடம் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. டேட்டா வேண்டும், அது பெரும்பாலும் ஏற்கெனவே சைட்டிலேயே கிடக்கிறது. ஸ்டோர் நோட்டு, ஆள் வருகைப் பதிவு, வே-பிரிட்ஜ் (லாரி எடைமேடை) சீட்டு, ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்து வண்டியில் வரும் காங்கிரீட்) சலான் எல்லாம் டேட்டாதான். ஆனால் செலவை எழுதுகிறவர்கள், அந்தச் செலவில் எவ்வளவு வேலை முடிந்தது என்பதைப் பக்கத்திலேயே எழுதுவதில்லை. போட்டியில் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு குறையால்தான்.

பூச்சு வேலையையே எடுத்துக்கொள்வோம். உள்பூச்சுக்கு இந்த வாரம் 56 மூட்டை சிமென்ட் போனதாக ஸ்டோர் நோட்டு சொல்கிறது. மூட்டை வெளியே போகிறதோ என்பதுதான் முதலாளிக்கு வரும் முதல் சந்தேகம். பூசிய பரப்பு 500 சதுர மீட்டர் என்று அதே வரியில் எழுதியிருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வின்படி, 12 மில்லிமீட்டர் பூச்சுக்கு 10 சதுர மீட்டருக்கு 0.144 கன மீட்டர் கலவை வேண்டும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற 1:6 கலவையில் கன மீட்டருக்கு 250 கிலோ சிமென்ட். ஆக, 500 சதுர மீட்டருக்கு 50 கிலோ மூட்டையில் 36 மூட்டை. அதே பரப்பை 20 மில்லிமீட்டர் கனத்தில் பூசினால், 10 சதுர மீட்டருக்கான கலவை 0.224 கன மீட்டராகி, 56 மூட்டை வந்துவிடுகிறது. அப்படியென்றால் சிமென்ட் முழுக்கச் சுவரில்தான் இருக்கிறது. பிளாக் கட்டியவர்கள் தூக்குக்குண்டு பார்க்காமல் கட்டிய சுவரை நேராக்க, பூச்சுக்காரர் 8 மில்லிமீட்டர் கூடுதலாக ஏற்றியிருக்கிறார்.

இதைச் சரியாகப் பிடிக்க ஒரே வழி, பூசுவதற்கு முன் கனம் காட்ட வைக்கும் புள்ளிகளை அறை அறையாக அளந்து, அந்தச் சுவரை எந்த செட் (கொத்தனார் குழு) கட்டியது என்பதோடு சேர்த்து எழுதிவைப்பதுதான். மூன்று மாதம் இப்படி எழுதினால் போதும். பிளாக் கட்ட ரேட் பேசும்போது, குறைந்த கூலி கேட்கிற செட் உண்மையில் மலிவா என்பது தெரிந்துவிடும். அங்கே மிச்சப்படும் கூலி, 20 மூட்டை சிமென்ட்டாகவும் நாலு கன மீட்டருக்கு மேல் எம்-சாண்டாகவும் இங்கே வெளியேறுகிறது. இது தெரியாமல் நேர்மையான ஸ்டோர் கீப்பரை வேலையை விட்டு அனுப்பினால், அடுத்த மாடியிலும் அதே 56 மூட்டைதான் போகும்.

கம்பியில் பணம் இன்னும் சத்தமில்லாமல் கரைகிறது. 12 மில்லிமீட்டர் கம்பியின் அட்டவணை எடை மீட்டருக்கு 0.888 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.66 கிலோ, டன்னுக்கு ஏறத்தாழ 94 கம்பி. இந்த விட்டத்துக்கு, கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786, 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. எடை 3 சதவீதம் கூடிய லோடு வந்தால் டன்னுக்கு 91 கம்பிதான் கிடைக்கும். தரநிலைக்குள் இருப்பதால் சப்ளையரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல ஒப்பந்தங்களில் பில் போடுவது அட்டவணை எடைக்கு. நாம் பணம் கொடுப்பதோ வே-பிரிட்ஜ் எடைக்கு. நடுவில் உள்ள மூன்று கம்பி ஒப்பந்ததாரர் தலையில் விழுகிறது. ஒவ்வொரு லோடிலும் ஒவ்வொரு விட்டத்திலும் சில துண்டுகளை ஒரு மீட்டருக்கு வெட்டி எடைபோட்டு, பிராண்ட் வாரியாகக் குறித்துவைத்தவர் அடுத்த டெண்டரில் அதைச் சேர்த்து விலை போடுவார். மற்றவர் லாபத்திலிருந்து கொடுப்பார்.

வெட்டுவதிலும் இதே கதைதான். 4.2 மீட்டர் துண்டு தேவை என்றால், 12 மீட்டர் கம்பியில் இரண்டுதான் கிடைக்கும், மீதி 3.6 மீட்டர். அதாவது முப்பது சதவீதம். எந்த நீளத்தில் எத்தனை துண்டு வேண்டும் என்று காட்டும் வளைப்புப் பட்டியலில் 3.5 மீட்டர் துண்டு வேறெங்கே வருகிறது என்று வெட்டுவதற்கு முன்பே தேடி இணைத்துவிட்டால் அது கம்பி. இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போகும் இரும்பு.

ரெடிமிக்ஸ் காங்கிரீட்டில் அளவைவிட நேரம் முக்கியம். பிளான்டில் ஏற்றிய நேரம், சைட்டுக்கு வந்த நேரம், கொட்டத் தொடங்கிய நேரம், முடித்த நேரம் என நான்கையும் ஒவ்வொரு வண்டிக்கும் எழுத வேண்டும். ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டுவது பொது விதி. தாமதம் சில்க் போர்டு சந்திப்பிலா, அல்லது நம் சைட் வாசலில் பம்ப் தயாராகாமலா என்பது இந்த நான்கு நேரங்களில் தெரிந்துவிடும். சாலையில் என்றால் வேறு பிளான்ட் பார்க்கலாம், அல்லது இரவில் கொட்டலாம். வாசலில் என்றால் பிளான்டை மாற்றிப் பயனில்லை. வண்டி காத்திருந்து காங்கிரீட் இறுகும்போது ஆட்கள் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். 28 நாள் கழித்து கியூப் ரிசல்ட் (காங்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் வலிமைச் சோதனை) குறைந்து வரும்போது சிமென்ட்டைக் குறை சொல்வார்கள். கியூப் பதிவேட்டில் வண்டி எண்ணும் அந்த நேரங்களும் இருந்தால்தான் உண்மைக் காரணம் பிடிபடும்.

அளவைப் பொறுத்தவரை, 200 சதுர மீட்டர் தளம் 150 மில்லிமீட்டர் கனத்தில் 30 கன மீட்டர், ஆறு கன மீட்டர் வண்டியில் ஐந்து லோடு. ஆறாவது வண்டி கூப்பிட நேர்ந்தால், வண்டியில் குறைவா, சென்ட்ரிங் (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்) இறங்கியதா என்று பார்க்க வேண்டும். பலகை சராசரியாக 10 மில்லிமீட்டர் இறங்கினாலே இரண்டு கன மீட்டர் கூடுதலாகத் தின்றுவிடும். வண்டியைக் கொட்டும் முன்னும் பின்னும் எடைபோட்டு, வித்தியாசத்தை பிளான்ட் தரும் பேட்ச் சீட்டில் (கலந்த பொருள்களின் எடைப் பட்டியல்) உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டால் முதல் சந்தேகம் தீரும். ஆறு கன மீட்டர் என்றால் சுமார் 14.4 டன்.

பெங்களூருவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மேஸ்திரி தமிழில் எழுதுகிறார், ஸ்டோரில் இருப்பவர் இந்தியில், வே-பிரிட்ஜ் சீட்டு கன்னடத்தில், இன்ஜினியரின் எக்செல் ஆங்கிலத்தில். ஒரே பொருள் 'ஆறிஞ்ச் பிளாக்', 'சாலிட் பிளாக்', '150 எம்.எம்.' என்று மூன்று பெயரில் மூன்று பொருளாகக் கணக்கில் ஏறுகிறது. எம்-சாண்ட் ஒருவருக்கு டன், ஒருவருக்கு 'லோடு'. லோடு என்பது அளவே அல்ல. மழைக்காலத்தில் 5 சதவீத ஈரத்தோடு வரும் 20 டன் லோடில் ஒரு டன் வெறும் தண்ணீர். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது. பொருளுக்கு ஒரு பெயர், ஓர் எண், ஓர் அளவு என்று ஒரே பக்கத்தில் பட்டியல் போட்டு, நாலு மொழியிலும் அச்சடித்து ஸ்டோர் சுவரில் ஒட்ட வேண்டும். இதைச் செய்யாமல் மென்பொருள் வாங்குவது வீண் செலவு.

தண்ணீரையும் எழுதிவைக்க வேண்டும். 2024 மார்ச்சில் கட்டுமானத்துக்குக் குடிநீரைப் பயன்படுத்த இங்கே குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. தளத்துக்கும் கியூரிங்குக்கும் (காங்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பதற்கு) எத்தனை டேங்கர் போகிறது என்ற கணக்கு கையில் இருப்பவர்தான் அப்படிப்பட்ட கோடையில் வேலையை முன்கூட்டித் திட்டமிட முடியும்.

'சதுர அடிக்கு இவ்வளவு' என்று விலை சொல்லும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 30-க்கு 40 அடி சைட்டின் (மனையின்) பரப்பு 1,200 சதுர அடி, சுற்றுச்சுவர் 140 அடி. 40-க்கு 60 சைட்டின் பரப்பு அதைப் போல் இரண்டு மடங்கு. சுற்றுச்சுவரோ 200 அடிதான். பெரிய வீட்டில் கிடைத்த சதுர அடிச் செலவை வைத்துச் சின்ன வீட்டுக்கு விலை சொன்னால் காம்பவுண்டிலேயே அடி வாங்குவோம். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), மொட்டை மாடியில் படிக்கட்டின் மேல் வரும் அறை, செப்டிக் டேங்க் எல்லாம் இப்படித்தான். வேலை வாரியாகச் செலவு பிரித்து வைத்திருப்பவருக்கு இந்த ஆபத்து இல்லை.

கிடைக்காமல் போன டெண்டர்களின் கணக்கும் பொக்கிஷம். நாம் போட்ட விலை, எடுத்தவர் விலை, வித்தியாச சதவீதம், வேலையின் வகை, இடம் என்று ஒரு வரி போதும். முப்பது வரி சேர்ந்ததும் எந்த வகை வேலையில் நம் விலை நிற்கிறது என்பது புரியும். போட்ட டெண்டர் எல்லாம் கிடைக்கிறது என்றால் சந்தோஷப்படக் கூடாது. எதையோ கணக்கில் விட்டிருக்கிறோம்.

கடைசியாக, ஆட்கள் விஷயம். ஒரு கொத்தனார் ஒரு நாளில் எத்தனை சதுர மீட்டர் கட்டினார் என்று எழுதும்போது, எந்த மாடி, சாரத்தின் மேலா கீழா, மழை உண்டா, பொருள் வர எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் எழுத வேண்டும். இங்கே செப்டம்பர், அக்டோபரில் மாலை மழை வேலையை முறிக்கிறது; அந்த மாத உற்பத்தியை பிப்ரவரியோடு ஒப்பிடுவது அநியாயம். இந்தப் பதிவை வைத்துக் கூலியைப் பிடித்தால் இரண்டே வாரத்தில் மேஸ்திரி பொய் எழுதத் தொடங்குவார். அவர் மேல் தப்பில்லை. அதே அளவை வைத்து சனிக்கிழமை பட்டுவாடாவைத் தகராறில்லாமல், நேரத்துக்கு முடித்துக் கொடுங்கள். அவரே அளவு நாடாவோடு வந்து நிற்பார்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கம், வெள்ளி விலையைத் தினமும் போடுகிறீர்கள். பெங்களூருவில் சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, ஆறிஞ்ச் சாலிட் பிளாக் விலையை வாரம் ஒருமுறையாவது, திங்கட்கிழமை இதழில் ஒரு சிறு கட்டமாக வெளியிட வேண்டும். சிமென்ட் 50 கிலோ மூட்டைக்கு, கம்பி விட்டம் வாரியாக டன்னுக்கு, மணலும் ஜல்லியும் டன்னுக்கு, பிளாக் ஒன்றுக்கு, சைட்டில் இறக்கிய விலையாக, வரி தனியாகக் காட்டி இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியைப் பிரிக்காமல் எழுதி வைத்தவர்களுக்கு, அதற்கு முந்தைய விலையோடு இன்றைய விலையை ஒப்பிட இன்னும் வழி தெரியவில்லை.

இப்படிக்கு,
கட்டுமான அளவீட்டுப் பொறியாளர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு