வஜீர் சந்தையும் உன் சங்கமும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் நீங்கள் தொடங்கும் சமாதானச் சங்கத்தின் விதிமுறை நகலும் வந்து சேர்ந்தன. ஆவணியில் மகள் கல்யாணம் என்று எழுதியிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம், கட்டாயம் வருகிறேன். செயலாளர் பதவி உன் தலையில் வந்து விழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நகலில் ‘உலக சமாதானம்’ பதினோரு இடத்தில் வருகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு போன் அடித்தால் யார் எடுப்பது என்பது மட்டும் எங்கும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பழைய சங்கங்களைப் பற்றி உருகியிருந்தாய். லண்டன் சமாதானச் சங்கம் 1816-இல் பிறந்தது, 1849 பாரிஸ் சமாதான மாநாட்டுக்கு விக்டர் ஹியூகோ தலைமை தாங்கினார், எல்லாம் சரிதான். ஆனால் 1854-இன் தொடக்கத்தில் ஜோசப் ஸ்டர்ஜ் உள்ளிட்ட மூன்று குவேக்கர்கள் (போரையே ஏற்காத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) கடும் பனியில் பீட்டர்ஸ்பர்க் வரை போய் ரஷ்யச் சக்கரவர்த்தி ஜார் நிக்கலஸைச் சந்தித்தார்கள். ஜார் மரியாதையாக வரவேற்றுக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே பிரிட்டன் ரஷ்யாவுக்கு எதிராகக் கிரிமியப் போரில் இறங்கியது. அவர்களுடைய தைரியத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். மனு கொடுப்பதைத் தாண்டி அந்தச் சண்டையில் அவர்கள் கை வைக்கக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை, அதுதான் சிக்கல்.

இதற்கு நேர் எதிரான ஊர் வஜீர். கென்யாவின் வடகிழக்கில், சோமாலிய எல்லையை ஒட்டிய வறண்ட பூமி. அங்கே அஜூரான், தெகோதியா, ஒகாதேன் என்று சோமாலியக் குலங்கள் ஆடு மாடு ஒட்டகம் வைத்துப் பிழைக்கின்றன. 1991-இல் சோமாலிய அரசு கவிழ்ந்ததும் துப்பாக்கிகள் எல்லை தாண்டி வந்தன. கூடவே வறட்சி. 1992 கடைசியில் பல கட்சித் தேர்தல், அதில் ஓட்டு குலம் பார்த்துத்தான் விழுந்தது. கிணறு, மேய்ச்சல், பதவி என்று மூன்றுக்கும் சேர்த்து வெட்டுக்குத்து நடந்தது. ஒரு ராத்திரி துப்பாக்கிச் சத்தத்தில் தெகா இப்ராஹிம் அப்தி என்ற அந்த ஊர்ப் பெண் தன் கைக்குழந்தையோடு கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தார். விடிந்ததும் அவருடைய அம்மா, 1960-களில் உன்னையும் இதே கட்டிலுக்கடியில்தான் ஒளித்து வைத்தேன் என்றார். 1993-இல் தெகாவும் இன்னும் சில பெண்களும் கூடிப் பேச ஆரம்பித்தார்கள்.

அவர்கள் முதலில் கை வைத்தது சந்தையில். பால் விற்பவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் பெண்கள். இந்தக் குலத்துக்காரி இங்கே கடை போடக்கூடாது, அவளிடம் வாங்கக்கூடாது என்று தகராறு நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருந்தது. காலையில் கேனில் கொண்டு வந்த பால் அந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். விற்க விடாமல் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது, ராத்திரி அந்த வீட்டு ஆண்கள் சும்மா இருக்கவும் மாட்டார்கள். யார் வேண்டுமானாலும் விற்கலாம், யாரிடமும் வாங்கலாம் என்று பெண்கள் விதி வைத்தார்கள். விதியோடு நிற்காமல், தினமும் சந்தையைக் கண்காணிக்க எல்லாக் குலத்துப் பெண்களையும் சேர்த்து ஒரு குழு போட்டார்கள். தகராறு என்றால் முதலில் அந்தக் குழுவிடம்தான் வர வேண்டும். இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. ஒரு குலத்துப் பெண்கள் திடீரென்று சந்தைக்கு வராமல் நின்றால், எங்கோ ஏதோ நடக்கப் போகிறது என்று போலீசுக்கு முன்பே குழுவுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு பெரியவர்களிடம் போனார்கள். சண்டையில் இருக்கும் பெரிய குலத்து மூத்தவர் பேச்சைத் தொடங்கினால் மற்றவர் எழுந்து போய்விடுவார். சண்டையில் சேராத, ஆள்பலம் குறைந்த குலத்துப் பெரியவரை முன்னே நிறுத்தினார்கள். சின்னக் குலத்தைப் பார்த்து யாருக்கும் பயமில்லை, அதனால் அவர் சொன்னது எடுபட்டது. 1993 செப்டம்பரில் குலப் பெரியவர்கள் ஒப்புக்கொண்ட ‘அல்-ஃபதா’ என்ற அமைதிப் பிரகடனம் வந்தது. இளைஞர்கள் தனியாக ஒரு குழுவானார்கள். பெரியவர்கள், மதத் தலைவர்கள், பெண்கள், பாதுகாப்பு அதிகாரிகள் சேர்ந்த அவசரக் குழு ஒன்றும் வந்தது. சேதி வந்ததும் பழிவாங்கக் கிளம்புகிறவர்களுக்கு முன்னால் ஸ்தலத்துக்குப் போய்ச் சேருவதுதான் அதன் வேலை.

அந்த வேலையை வரிசையாகப் பார். சேதி சொன்னவன் நேரில் பார்த்தானா, கேட்டுச் சொல்கிறானா என்று முதலில் கேட்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நம்பிக்கையான ஒருவருக்குத் தகவல் சொல்லி அவர் வாயாலும் கேட்க வேண்டும். பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே வண்டியில் போக வேண்டும். தனித்தனியாகப் போனால் திரும்பி வரும்போது இரண்டு கதை வரும். மாடு களவு போயிருந்தால் காலடித் தடம் எந்தக் குலத்து எல்லையில் முடிகிறதோ அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பொருள் திரும்புவது தாமதமானால் பேச்சுக்கு மதிப்பில்லை.

கொலைக்கு ஈடு விஷயத்தில்தான் எனக்கு உறுத்தல். அந்த வட்டாரக் குலங்கள் 2001-இல் ஒப்புக்கொண்ட மொதகாஷே பிரகடனப்படி ஆணுக்கு நூறு ஒட்டகம், பெண்ணுக்கு ஐம்பது. நூறு ஒட்டகத்தை எவனும் தனியாகக் கொடுக்க முடியாது, குலமே பங்கு போட்டுக் கட்ட வேண்டும். அதனால் தங்கள் பையன்களை அடக்கிவைக்கப் பெரியவர்களுக்கே ஒரு காரணம் கிடைக்கிறது. கொன்றவன் மட்டும் கோர்ட்டுப் படியேறாமல் சுற்றுகிறான். சந்தையைத் திறந்ததே பெண்கள், அவர்கள் உயிருக்குப் பாதி விலை. கென்யாவின் சட்டத்தோடும் இது ஒத்துப்போகாது. உடனடி ரத்தத்தை நிறுத்தியது என்பதால் சகித்துக்கொண்டார்கள். நான் அங்கிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நிச்சயமில்லை.

1995-இல் எல்லாக் குழுக்களும் ஒன்றாகி மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்தன. அதனால் வண்டியும் போலீசும் கிடைத்தன. பின்னால் கென்யா முழுக்க மாவட்ட அமைதிக் குழுக்கள் முளைத்தபோது இரண்டு வியாதிகளும் கூடவே வந்தன. ஒன்று, கூட்டப்படி. கூட்டத்துக்கு வந்தால் பணம் என்று நன்கொடை நிறுவனங்கள் பழக்கிவிட்டால், அவை கிளம்பிப் போன மாதமே கூட்டமும் நின்றுவிடும். இன்னொன்று, எம்.பி.யின் ஆட்கள் உள்ளே நுழைவது. நம் ஊரில் கலவரத்துக்குப் பிறகு தாசில்தார் ஆபீசில் நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தையை நினைத்துக்கொள்: கையெழுத்து விழும், டீ வரும், அடுத்த திருவிழாவுக்கு அதே தகராறு. வஜீரிலும் சண்டை அடியோடு ஒழியவில்லை. 1998-இல் பகல்லாவில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

உலக சமாதானத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். 2007 தேர்தல் முடிவுக்குப் பிறகு கென்யாவே பற்றி எரிந்தது, ஆயிரத்துக்கு மேல் சாவு. அப்போது நைரோபியில் ஐந்து பேர் கூடினார்கள்: தெகா, ஜெனரல்கள் ஒபாண்டேயும் சும்பெய்வோவும், தூதராக இருந்த கிப்லகாட், ஜார்ஜ் வச்சிரா. ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் மேலே தலைவர்களோடு பேசிக்கொண்டிருக்க, இவர்கள் தினமும் காலையில் யாரும் வரலாம் என்று கூட்டம் நடத்தினார்கள். எங்கே என்ன நடக்கிறது என்று எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் சேதியை அந்தந்த ஊர் ஆட்களுக்குத் தட்டிவிட ஏற்பாடும் இருந்தது. 2008 பிப்ரவரி 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வஜீரில் சின்ன அளவில் பழகிய வேலையேதான் இது. அன்னான் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எல்டோரெட் நகரத்துச் சந்தில் யார் பெட்ரோல் கேனோடு நிற்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உன் விதிமுறைக்கு வருகிறேன். ஏழாம் பிரிவில் ‘மாதாந்திரக் கூட்டம்’ என்பதற்குக் கீழே, யார் யார் எந்த நாள் போன் எடுப்பது என்று முறை போடு. கூட்டப்படி வேண்டாம், போக்குவரத்துச் செலவு மட்டும் ரசீதுக்குக் கொடு. இன்ஸ்பெக்டரை அழை, தலைவராக்காதே. செயற்குழுவில் பதினைந்து பேரில் பெண்கள் இரண்டு பேர், அதிலும் ஒருத்தர் தலைவரின் மனைவி, இது ஆகாது. காய்கறி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்களிடம் போய்க் கேள்.

திருத்திய நகலையும் கல்யாணத் தேதியையும் சேர்த்தே அனுப்பு. மிச்சச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

உன்,
பாலு